காகிதத்தின் மேல் வைத்த இரும்பு

என் எழுத்து மேசையில் ஓர் இரும்புத் துண்டு கிடக்கிறது. சாண் நீளம், கட்டைவிரல் பருமன், கடைந்தெடுத்த வழவழப்பு. முப்பத்து மூன்று வருடங்களாக நான் குடிபோன வீடுகளுக்கெல்லாம் அதுவும் கூடவே வந்திருக்கிறது. மின்கட்டண ரசீதும் கல்யாணப் பத்திரிகையும் மின்விசிறிக் காற்றில் பறந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அதன் உத்தியோகம். அவசரத்துக்கு இஞ்சி தட்டவும் எடுத்திருக்கிறேன். துரு பூக்க ஆரம்பித்தால் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து வைப்பேன். இவ்வளவு செய்தவள் அதை ஒருநாளும் சரியாகப் பார்த்ததில்லை என்பது போன வருடம்தான் எனக்குத் தெரிந்தது.

அதை என் மேசையில் கொண்டுவந்து வைத்தவர் டர்னர் அண்ணன். மதுரையில் ஒரு நூற்பாலையின் பழுதுபார்க்கும் பட்டறையில் நாங்கள் வேலை பார்த்தோம். நான் டிப்ளமா முடித்துவிட்டுச் சேர்ந்த புதிய இன்ஸ்பெக்டர். கடைந்து வரும் உதிரிபாகங்களை மைக்ரோமீட்டரில் அளந்து, சரி என்றால் பச்சைச் சீட்டு, தவறு என்றால் சிவப்புச் சீட்டு கட்டுவது என் வேலை. அந்தப் பட்டறைக்குள் இருந்த ஒரே பெண் நான்தான். எனக்கென்று ஒரு நாற்காலி போடுவதற்கே இரண்டு மாதம் யோசித்தார்கள். அதனால் எனக்குள் ஒரு வீம்பு இருந்தது. பொம்பளைப் பிள்ளை, இளகிய மனசு, விட்டுக்கொடுத்துவிடும் என்று எவரும் சொல்லிவிடக் கூடாது. சிவப்புச் சீட்டு கட்டும்போது என் முகத்தை வேண்டுமென்றே கடுகடுவென்று வைத்துக்கொள்வேன்.

டர்னர் அண்ணனிடம் இருந்தது ஏழாம் நம்பர் லேத், இரும்பைச் சுழற்றிக் கடையும் யந்திரம். பட்டறையிலேயே சின்னது, பட்டறையிலேயே பழையது, எல்லாவற்றையும்விட நுணுக்கமானது. வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் வந்தது என்பார்கள். அண்ணன் காலையில் டீ கிளாஸை அதன் தலைமேல் வைத்துவிட்டுத்தான் மோட்டாரைப் போடுவார். டீயின் மேற்பரப்பு நடுங்குகிறதா என்று குனிந்து பார்ப்பார். நடுங்கினால் பெல்ட்டைச் சரிசெய்த பிறகுதான் குடிப்பார். டீ ஆறிப்போனாலும் கவலையில்லை. வாய் மட்டும் கொஞ்சம் அதிகம். ஃபோர்மேன் சொல்வதைத் திருப்பிக் கேள்வி கேட்பார். அது ஃபோர்மேனுக்குப் பிடிக்காது என்று தெரிந்தே கேட்பார்.

ஓர் ஆயுத பூஜை முடிந்து மூன்று வாரம் இருக்கும். நூற்பு இயந்திரத்துக்காக அவர் கடைந்த நாற்பது பின்கள், சிறு இரும்புத் தண்டுகள், என் மேசைக்கு வந்தன. அளந்தேன். எல்லாமே ஒரு முனையில் கொஞ்சம் கனம், மறுமுனையில் கொஞ்சம் மெலிவு. வித்தியாசம் தலைமுடிப் பருமனில் பாதிகூட இருக்காது, ஆனால் அந்த வேலைக்கு அது போதும், அத்தனையும் குப்பை. இதற்குப் பொதுவாக ஒரு காரணம் சொல்வார்கள். லேத்தில் இடப்பக்கம் இருப்பதைத் தலை என்போம், அது இரும்பைப் பிடித்துச் சுழற்றும். வலப்பக்கம் இருப்பது வால், அதன் கூர்முனை இரும்பின் மறுமுனையிலுள்ள சின்னக் குழியில் போய் உட்கார்ந்து தாங்கிக்கொள்ளும். டர்னர் வாலை நேராக வைக்காவிட்டால் வேலை இப்படித்தான் சரிவாக வரும். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. வால் நேராகத்தான் இருக்கிறது, மிஷின்தான் பொய் சொல்கிறது, தலையைக் கழற்றிப் பாருங்கள் என்றார். பூஜைக்கு மிஷினைத் துடைக்கும்போதுதானே தலையைத் தூக்கி பேரிங் மாற்றி இறக்கினோம், மறுபடியும் எதற்கு என்று ஃபோர்மேன் மறுத்துவிட்டார். காரணம் எழுத வேண்டியவள் நான். எழுதினேன். காரணம்: டர்னரின் கவனக்குறைவு.

ஒரு வாரத்தில் அவரைப் பஞ்சு மூட்டை குடோனுக்கு மாற்றினார்கள், ஏழாம் நம்பருக்கு நுணுக்க வேலை கொடுப்பதையும் நிறுத்திவிட்டார்கள். பட்டறையை விட்டுப் போகிற அன்று என் மேசைக்கு வந்து இந்த இரும்புத் துண்டை வைத்தார். அன்று காலையில்தான் ஏழாம் நம்பரில் கடைந்திருக்கிறார், கடைந்த சூடு இன்னும் இருந்தது.

"அளந்து மட்டும் பாக்காதீங்க தாயி. நல்லாப் பாருங்க" என்றார்.

அவர் போனதும் அளந்தேன். ஒரு முனை கனம், மறுமுனை மெலிவு. கடைசி நாளில்கூட மனுஷன் வாலைச் சரியாக வைக்கவில்லையே என்று நினைத்தேன். நான் எழுதியது சரிதான் என்று எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஏழாம் நம்பரை நான் மறுபடி பார்த்தது போன வருடம், காளவாசல் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில். தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு வால்வு தேடிப் போனவள், கிழிந்த தார்ப்பாய்க்குக் கீழே எங்கள் பட்டறை எண் பதித்த பித்தளை வில்லையைப் பார்த்தேன். ஏழு என்ற எண்ணின் வால் கொஞ்சம் தேய்ந்திருந்தது. மில் மூடிப் பல வருடம் ஆகியிருந்தது. குற்ற உணர்ச்சியில் வாங்கினேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும், ஆனால் அது பொய். டர்னர் அண்ணனை அப்போது நான் நினைக்கவேயில்லை. ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறேன், கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, இவ்வளவு பழைய யந்திரம் உள்ளே எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை. அவ்வளவுதான். குட்டி யானை வண்டியில் ஏற்றி வந்து கார் நிறுத்தும் கொட்டகையில் இறக்கினேன். ஊரெல்லாம் காரை நிழலில் விட்டு இரும்பை வெயிலில் போடுவார்கள், நம் வீட்டில் மட்டும் நடைமுறை வேறு என்று என் வீட்டுக்காரர் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலில் பெயிண்டை உரித்தேன். எங்கள் மில்லில் ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் எல்லா மிஷின்களுக்கும் புதுப் பெயிண்ட் அடிப்பது வழக்கம். பழையதைச் சுரண்டுவதில்லை, அதன் மேலேயே அடிப்பார்கள். பொட்டு வைக்கும்போது மிஷின் பளபளக்க வேண்டும், வெற்று இரும்பு கண்ணில் படக் கூடாது. அதனால் ஏழாம் நம்பரின் உடம்பில் வருடத்துக்கு ஒரு தோல் ஏறியிருந்தது. ஓரத்தில் பிளேடால் சாய்வாகச் சீவிப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் வெங்காயத்தை நறுக்கியதுபோல் அடுக்கடுக்காகத் தெரிந்தது. எனக்கு அது பெரிய வேடிக்கையாகிவிட்டது. ஒவ்வோர் அடுக்காக எண்ணி நோட்டில் குறித்தேன். பச்சை, பச்சை, பச்சை, நடுவில் இரண்டு சாம்பல், மறுபடியும் பச்சை. எந்த வருடம் எது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதில் மதியச் சாப்பாடு பலநாள் மாலை நான்கு மணிக்குப் போனது.

கனமான தலையை மட்டும் தூக்க ஆளில்லாமல் அப்படியே விட்டு மற்றதையெல்லாம் சரிசெய்ததில், நான்கு மாதத்தில் யந்திரம் ஓடத் தொடங்கியது. டீ கிளாஸை வைத்துப் பார்த்தேன், டீ நடுங்கவில்லை. தலையின் பிடி மட்டும் தாங்க, வாலே இல்லாமல், சாண் நீளத்துக்கு ஓர் இரும்பைக் கடைந்தேன். தலை நேராக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அதுதான் வழி. அளந்தால் ஒரு முனை கனம், மறுமுனை மெலிவு. மைக்ரோமீட்டரைத் துடைத்து மறுபடி அளந்தேன், அதேதான். யோசிக்கலாம் என்று வீட்டுக்குள் வந்து அந்தத் துண்டை மேசையில், ரசீதுகளின் மேல் இருந்த பழைய துண்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே நீளம், ஒரே பருமன். பழையதை எடுத்து முனையைத் திருப்பினேன். முனை மழமழவென்று தட்டையாக இருந்தது. வாலின் கூர்முனை உட்கார வேண்டிய குழி அதில் இல்லை. மறுமுனையிலும் இல்லை.

குழி இல்லையென்றால் வாலை அவர் பயன்படுத்தவே இல்லை. வாலே இல்லாமல் கடைந்தும் சரிவு வந்திருக்கிறது என்றால் தவறு வாலை வைத்த கையில் இருக்க முடியாது. நல்லாப் பாருங்க என்று அவர் சொன்னது இதைத்தான். நான் எண்ணை மட்டும் பார்த்தேன். முப்பத்து மூன்று வருடம் அந்தத் தட்டை முனை என் கண்ணெதிரே இருந்திருக்கிறது.

மறுநாள் மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டு, செயின் பிளாக் போட்டுத் தலையைத் தூக்கினோம். தலை உட்காரும் இடம் கண்ணாடிபோல் தேய்த்தெடுத்த வெற்று இரும்பு. அங்கே ஒரு தூசிகூட இருக்கக் கூடாது. அதன் ஒரு பக்கச் சரிவில், முன் ஓரத்தில், நான்கு விரல் அகலத்துக்குப் பெயிண்ட் இருந்தது. கல்லாக இறுகிய நீலப் பெயிண்ட். தலை அந்த ஓரத்தில் மட்டும் ஒரு மயிரிழை தூக்கிக்கொண்டு, வருடக்கணக்காகக் கோணலாகவே உட்கார்ந்திருக்கிறது. என் நோட்டில் குறித்த அத்தனை அடுக்குகளிலும் நீலம் என்று ஒன்று இல்லை. இது எங்கிருந்து வந்தது என்று அதைப் பார்த்தபடி நின்றேன். அப்புறம் எனக்கே ஞாபகம் வந்தது.

அந்த வருடப் பூஜைக்கு முந்தைய நாள் டர்னர் அண்ணன் லீவில் ஊருக்குப் போயிருந்தார். பேரிங் மாற்றுவதற்காக ஏழாம் நம்பரின் தலையைக் கழற்றிப் பலகையில் வைத்திருந்தார்கள். பெண் கையால் ஆரம்பித்தால் விசேஷம் என்று ஃபோர்மேன் பிரஷை என்னிடம் நீட்டினார். பட்டறையில் முதல்முறையாக எல்லோரோடும் சேர்ந்து ஒரு வேலை. வெற்று இரும்பு எங்கே தெரிந்தாலும் விடாமல் அடித்தேன். முடிக்கும் நேரத்தில் பச்சை தீர்ந்துபோனது. ஆபீஸ் ஜன்னலுக்கு வாங்கிய நீலம் டப்பாவில் மிச்சம் இருந்தது. குனிந்து கை எட்டியவரைக்கும் அதை அடித்துவிட்டேன். என் சேலைத் தலைப்பில் நீலம் பட்டு, அம்மா மண்ணெண்ணெய் வைத்துத் துடைத்தும் கறை போகவில்லை. தலையைத் திரும்ப இறக்கியவர்கள் மாலை கட்டும் அவசரத்தில் பார்க்கவில்லை. டிப்ளமா படித்த எனக்கும் தோன்றவில்லை.

பழைய மில்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் விசாரித்ததில் அண்ணன் வண்டியூரில் மகன் வீட்டில் இருப்பது தெரிந்தது. துண்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். தெப்பக்குளத்தை ஒரு முறை நடந்தே சுற்றினேன், தைரியம் வரட்டும் என்று. வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டியிருந்தார், பார்வை நன்றாகவே இருந்தது. துண்டைக் கொடுத்ததும் முதலில் அதன் முனையைத்தான் திருப்பிப் பார்த்தார். குழி, நீலம், பிரஷ், எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"இம்புட்டு வருசம் இத வச்சு என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டார்.

"பேப்பர் பறக்காம இருக்க மேல வச்சிருந்தேன் அண்ணே."

சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. பிறகு தெருவைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மூட்டை தூக்குனதக் கூட விட்டுத் தள்ளுங்க. எங்கப்பா அடுத்தவுக காட்டுல கூலிக்குப் போனவரு. எங்க தெருவுல இருந்து மிசின் வேலைக்கு வந்த மொத ஆளு நானு. கை சரியில்லைன்னு நீங்க எழுதுனது எனக்கு முன்னாடி ஊருக்குப் போயிருச்சு. அதுக்கப்புறம் எங்க பயலுகளை எவனும் பட்டறையில சேக்கல."

மன்னிப்புக் கேட்டேன். துண்டை என் கையில் திருப்பிக் கொடுத்தார். அவர் மருமகள் காபி கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடித்தேன். கிளம்ப எழுந்தபோதுதான், மிஷின் இப்போது ஓடுகிறதா என்று கேட்டார். நீலத்தைச் சுரண்டிவிட்டேன், தலையைத் திரும்ப ஏற்றியாகிவிட்டது, இன்னும் எதையும் கடையவில்லை என்றேன். ஆயுத பூஜைக்கு நான்கு நாள் இருந்தது.

"பூசையன்னைக்கு மிசினத் தொடக் கூடாது. மறுநா வாரேன்" என்றார்.

பூஜைக்கு மாட்டுத்தாவணிக்குப் போய்ச் செவ்வந்தி வாங்கி வந்து மாலை போட்டேன். விஜயதசமி காலையில் மகனின் பைக்கில் வந்து இறங்கினார். கொட்டகைக்குள் வந்து ஏழாம் நம்பரைச் சுற்றிப் பார்த்தார். உரித்த இரும்பாகவே நிற்கிறதே, பெயிண்ட் அடிக்கவில்லையா என்று கேட்டுவிட்டு, நீங்கள் அடிக்காமல் இருப்பதே நல்லது என்று அவரே சொல்லிக்கொண்டார். டீ கேட்டார். கிளாஸைத் தலைமேல் வைத்து, மோட்டாரைப் போட்டு, குனிந்து பார்த்து, அப்புறம் குடித்தார். வால் இல்லாமல் சாண் நீளத்துக்கு ஒரு துண்டைக் கடைந்தார். சூடான துண்டை என்னிடம் நீட்டினார். சூடு ஆறும்வரை காத்திருந்து மூன்று இடத்தில் அளந்தேன். மூன்றிலும் ஒரே எண். முனையையும் பார்த்தேன். எண்ணைச் சத்தமாகச் சொன்னேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "அன்னைக்கு எழுதுனீங்கள்ல தாயி. இப்பயும் எழுதுங்க."

"மில்லே இல்லையே அண்ணே, யாருக்கு எழுத?"

"படிக்கிறவுக படிக்கட்டும்."

அதனால்தான் எழுதினேன். நாளைக்கு இதை வண்டியூருக்கு எடுத்துப்போய் அவர் முன்னால் வாசிக்க வேண்டும். அவர் அன்று கடைந்த துண்டும் இப்போது கடைந்த துண்டும் இந்தத் தாள்களின் மேல்தான் இருக்கின்றன, விசிறிக்காற்று கொஞ்சம் பலமாக வீசுகிறது. அந்தப் பழைய சீட்டில் இருந்த மாதிரியே கடைசிப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். ஏழாம் நம்பர் லேத். தள்ளுபடியான பின்கள்: நாற்பது. காரணம்: இன்ஸ்பெக்டரின் கவனக்குறைவு.