தெருவுக்குத் தரம் போட வந்தவர்

ஒரு தெருவில் தீப்பிடித்தால் அது எவ்வளவு தூரம் போகும், யார் எப்போது வந்து அணைப்பார்கள் என்று பார்த்து, அந்தத் தெருவுக்கு ஒரு எண் கொடுப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு இருபத்தாறு வயதுவரை தெரியாது. நான் அப்போது தண்டு என்று சொல்லப்படும் கன்டோன்மென்ட் பகுதியில் அச்சான ஒரு தமிழ்ப் பத்திரிகையில் உள்ளூர்ச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். அதெல்லாம் தெரிந்திருக்க வேண்டிய தொழில்தான் என்னுடையது.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. நீலசந்திராவில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். வீட்டுக்குப் பின்னால் அக்காவுக்கு ஒரு ஊதுபத்தி ஷெட் இருந்தது. மூன்று பக்கம் மண்சுவர், மேலே கீற்று. சிக்பேட்டை வியாபாரி ஒருவர் கரித்தூளும் பிசின்தூளும் மூங்கில் குச்சியும் மூட்டை மூட்டையாக அனுப்புவார். தெருப் பெண்கள் இருபது பேர் உட்கார்ந்து பலகையில் உருட்டிக் காயவைத்துக் கட்டிக் கொடுப்பார்கள். மச்சான் மில்லுக்குப் போய்விடுவார். ஷெட் முழுக்க அக்காவின் பொறுப்பு.

அந்தக் கோடையில் ஊரின் வேறொரு கோடியில் இதேபோன்ற ஒரு ஷெட் எரிந்துபோயிற்று. யாருக்கும் காயமில்லை, ஆனால் சிக்பேட்டைக்காரரின் சரக்கு அத்தனையும் போய்விட்டது. அவர் ஆள் அனுப்பிச் சொன்னார்: இன்சூரன்ஸ் இல்லாத இடத்துக்கு இனிச் சரக்கு வராது. இந்த மாதத்துக்குள் காகிதம் வேண்டும். காகிதம் இல்லையென்றால் ஷெட்டை மூடவேண்டியதுதான். அக்கா இதை என்னிடம் சொன்னபோது குரல் மாறவில்லை. ஆனால் சாதத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டிருந்தாள்.

இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் காக்ஸ் டவுனிலிருந்து சைக்கிளில் வந்தார். தமிழ்க் கிறிஸ்தவர். ஐம்பது வயதிருக்கும். பாண்ட் காலில் இரும்புக் கிளிப். தோள்பையில் அளவு டேப், ஸ்டாப் வாட்ச், கோடு போட்ட நோட்டு, ஃபிளானல் துணியில் சுற்றிய ஒரு பித்தளைப் பிரஷர் மீட்டர். ஷெட்டுக்குள் கால் வைத்ததும் முதலில் கீற்றைத் தொட்டுப் பார்த்தார். அடுப்பு எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று அளந்தார். கரித்தூளைச் சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துவிட்டுக் கேட்டார்.

"இங்க பீடி சிகரெட் யாராவது?"

"ஆம்பளைங்க எவனும் உள்ள வர்றதில்ல சார். என் வீட்டுக்காரரும் சேத்து" என்றாள் அக்கா.

"சாமி படம் இருக்கே. பத்தி கொளுத்துவீங்களா?"

"பூ மட்டுந்தான் சார். பத்தி செய்யற எடத்துல பத்தி கொளுத்தறதில்ல."

அதையும் எழுதிக்கொண்டார். பிறகு வெளியே வந்து நின்று தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"உங்க ஷெட்டுக்கு ஒரு மார்க்கு. தெருவுக்குத் தனியா ஒரு மார்க்கு. தெரு ஃபெயில்னா நீங்களும் ஃபெயில்ம்மா."

"பக்கத்து வீட்டுக்காரி பரீட்சைக்கு நான் எதுக்கு சார் ஃபெயிலாவணும்?"

"நெருப்பு வீட்டு நம்பர் பாத்தா போகுது?"

தெருவுக்கு அவர் பார்ப்பது மூன்று விஷயங்கள். தீப்பிடித்த சேதியைச் சொல்ல எவ்வளவு நேரம், வண்டி வந்துசேர எவ்வளவு நேரம், வந்த வண்டிக்குத் தண்ணீர் உண்டா. மூன்றையும் சேர்த்து ஒன்றிலிருந்து நான்குவரை தரம். ஒன்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் கிடையாது என்றார். நான்கு என்றால் கம்பெனி கையெழுத்துப் போடாது.

அப்போதுதான் அவர் ஃபைலிலிருந்து ஒரு செய்தித்தாள் நறுக்கை எடுத்தார். "ஆபீஸ்ல இத வெட்டி வச்சிருக்காங்க. 'நீலசந்திராவில் சொட்டுத் தண்ணீர் இல்லை.' இந்தத் தெருதான். இப்பவே நாலு போட்டுட்டுப் போகலாம்."

இரண்டு வாரத்துக்கு முன் வந்த செய்தி. அடியில் பெயர் இல்லை.

"நான்தான் எழுதினேன்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நீங்களே சொல்லுங்க. தண்ணி வருதா, வரலியா?"

"வருது. காலைல ஆறுலேருந்து எட்டுவரைக்கும்."

"நீங்க எப்ப பாத்து எழுதினீங்க?"

"மத்தியானம் மூணு மணிக்கு."

"அந்த மூணு மணி இதுல இல்லையே."

இல்லைதான். ஆபீஸுக்குப் போகும் வழியில் பார்த்தது. நேரம் எழுதினால் தலைப்பின் வேகம் குறைந்துவிடும் என்று விட்டிருந்தேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்கப் போவதில்லை.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குத் தண்ணீரின் அழுத்தத்தைப் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டு அவர் போனார். அக்கா ஷெட்டில் பெண்களிடம் சொன்னாள்: வியாழக்கிழமை ஆபீசர் தண்ணி பாக்க வர்றார், எல்லாரும் கொஞ்சம் ஒத்தாசையா இருங்க. தவறாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. ஆனால் எங்கள் தெருவுக்கு அது போதவில்லை.

எங்கள் தெருவில் தண்ணீர் பார்க்க ஆபீசர் வந்தால் அதற்கு ஒரு முறை உண்டு. அன்று யாரும் தண்ணீர் பிடிக்கமாட்டார்கள். குடங்கள் காலியாக வரிசையில் நிற்கும். அழுத்திப் பிடித்தால் மட்டும் திறக்கிற அந்தக் குழாய்களைக் கயிறு கட்டி எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் திறந்துவிடுவார்கள். அப்போது எந்தக் குழாயிலும் நூல் போலத்தான் வரும். அதை ஆபீசர் கண்ணால் பார்க்கவேண்டும். கோடி வீட்டுப் பக்கத்துக் குழாய் அப்படிக் காட்டித்தான் கிடைத்தது. இன்னொரு குழாய்க்கு மனு போயிருந்தது.

வியாழக்கிழமை நான் ஆறே முக்காலுக்கு வெளியே வந்தபோது, தெரு நெடுகக் காலிக் குடங்கள். பித்தளை, மண், தகர டின். இவ்வளவு ஒழுங்கான வரிசையை எங்கள் தெருவில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முன்வரிசையில் பெரியக்கா. குழாயடிச் சண்டைகளுக்குத் தீர்ப்புச் சொல்கிறவள், ஆகவே எல்லாருக்கும் பெரியக்கா. அவள் மருமகள் எங்கள் ஷெட்டில் பத்தி உருட்டுகிறவள்.

சர்வேயருடன் வால்வு திறக்கும் நகராட்சி ஆள் ஒருவர் வந்தார். தெரு முனையில் சாலையோடு பதிந்த ஓர் இரும்பு மூடி. தீயணைப்பு வண்டி குழாய் மாட்டுகிற இடம் அது என்று அன்றுதான் எங்களில் பலருக்குத் தெரிந்தது. அதன்மேல் வெகுநாளாக ஒருவர் தள்ளுவண்டி நிறுத்திக்கொண்டிருந்தார். மூடியை நெம்பித் திறந்து, பித்தளை மீட்டரைப் பொருத்தி, வால்வைத் திருகினார்கள். முள் லேசாக அசைந்தது, அவ்வளவுதான். நகராட்சி ஆள், "எல்லா நல்லி ஓப்பன் மாடித்தாரே சார்" என்று கன்னடத்தில் சொல்லி, திறந்து கிடந்த குழாய்களைக் காட்டினார். குழாய்கள் அத்தனையும் கயிறு கட்டி ஒழுகிக்கொண்டிருந்தன.

பெரியக்கா முன்னால் வந்தாள். "பாரு சார், நல்லா பாரு. நூலு மாதிரி வருது. இத்த வச்சிக்கினு எப்டி சார் குடும்பம் பண்றது?"

"பாத்தேன்மா."

"எழுதிக்கோ சார்."

"எழுதிக்கிட்டேன்."

அக்கா ஓடிவந்தாள். "எழுதாதீங்க சார்!"

"இன்னாடி எழுத வேணாம்ன்ற? விடியக்காலைலேருந்து ஒரு சொம்பு தண்ணி புடிக்காம நிக்கிறோம், உனுக்காவ."

"யக்கா, அவரு தண்ணி ஆபீசர் இல்ல. நெருப்பு ஆபீசர்."

"நெருப்பு ஆபீசரு எதுக்குடி தண்ணிய பாக்கறாரு?"

பின்னால் யாரோ, "பின்ன சீமெண்ணெயா ஊத்தி அணைப்பாங்க?" என்றதும் வரிசை முழுக்கச் சிரிப்பு. பெரியக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குக் கணக்கு உடனே புரிந்துவிட்டது.

"அப்ப தண்ணி நல்லா வருதுன்னு எழுதினாதான் உன் ஷெட்டு நிக்கும். தண்ணி நல்லா வருதுன்னு எழுதிட்டா எங்களுக்குக் குழா எப்டிடி வரும்?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "பேப்பர்காரரே, நீ சொல்லு. சொட்டுத் தண்ணி இல்லன்னு எழுதினவன் நீதான?"

நான் வாயைத் திறப்பதற்குள் சர்வேயர் சொன்னார். "நான் எழுதறது கம்பெனிக்கு மட்டுந்தான்மா போகும். முனிசிபாலிட்டிக்குப் போகாது."

"சாமி மேல சத்தியமா?"

"ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறவன்மா. அதுக்காக நம்ப வேணாம். முனிசிபாலிட்டி கேட்டாலும் எங்க கம்பெனி ஒரு துண்டுக் காயிதம் குடுக்காது. அத நம்புங்க."

பெரியக்கா வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். மருமகள் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள். அக்கா கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவள் அப்படிச் செய்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"அவுத்து விடுங்கடி" என்றாள் பெரியக்கா. தன் குழாயின் கயிற்றைத் தானே அவிழ்த்தாள்.

ஒவ்வொன்றாகக் குழாய்கள் அடங்கின. முள் நடுங்கி ஏறியது, பாதியைத் தாண்டி நின்றது. சர்வேயர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் காத்திருந்தார். பிறகு இரண்டாவது எண்ணை முதல் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதினார். முதல் எண்ணை அடிக்கவில்லை.

"அது எதுக்கு? அது தப்பா நடந்தது" என்றேன்.

"தீப்பிடிச்சா எல்லாரும் குடத்தோட வந்து குழாயத் தொறக்கத்தான் செய்வாங்க. அதுவும் நெஜந்தானே."

எட்டு மணிக்குள் எல்லாரும் தண்ணீர் பிடித்துக்கொள்ளட்டும் என்று அவர் மீட்டரைக் கழற்றினார். அடுத்தது சேதி சொல்லும் நேரம். பக்கத்தில் இருந்த ஒரே டெலிபோன் மெயின் ரோட்டில் ஒரு மருந்துக் கடையில் இருந்தது. ஸ்டாப் வாட்சை எடுத்து, "அம்மா, ஷெட் பத்திக்கிச்சுன்னு நெனச்சுக்கிட்டுப் போங்க" என்றார். அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். அவர் சைக்கிளில் பின்னால் போனார். திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது அவருக்குத்தான். வண்டியை வரவழைத்துப் பார்க்கவில்லை. விளையாட்டுக்கு மணி அடிப்பது குற்றம் என்றார். தீயணைப்பு நிலையத்துக்கு உள்ள தூரத்தையும் வழியில் உள்ள திருப்பங்களையும் குறித்துக்கொண்டார். வண்டி நுழையுமா என்று தெருவின் அகலத்தை இரண்டு இடத்தில் அளந்தார். மத்தியானம் மூன்று மணிக்கு மறுபடி வந்து மீட்டரை மாட்டினார். முள் அசையவே இல்லை. அதையும் எழுதினார்.

கிளம்பும்போது என்னைத் தனியாக அழைத்தார். "மூணாம் தரத்துக்கு வாய்ப்பிருக்கு. ஆனா ஃபைல்ல உங்க நறுக்கு இருக்குதே. என் கையெழுத்து ஒண்ணு சொல்லி, அச்சு வேறொண்ணு சொன்னா, மேல இருக்கிறவர் அச்சத்தான் நம்புவார்."

எங்கள் பத்திரிகையில் யாராவது வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால்தான் திருத்தம் வரும். செய்தி ஆசிரியர் என் தாளை வாங்கிப் பார்த்தார்.

"திருத்தமா? யார் கேட்டது?"

"யாரும் கேட்கலை. நான் நேரத்தை விட்டுட்டேன்."

"நேரத்தைப் போட்டா செய்தியே இல்லையேய்யா."

"அதனாலதான் விட்டேன்."

அவர் பெருமூச்சு விட்டார். நான் ஆறு வரி எழுதியிருந்தேன், மூன்றாக வெட்டினார். ஆனால் நேரத்தை விட்டுவைத்தார்: தெருக்குழாய்களில் காலை ஆறு முதல் எட்டுவரை தண்ணீர் வருகிறது, மற்ற நேரத்தில் வருவதில்லை. நான் எழுதிய செய்திகளில் இவ்வளவு சாதுவான ஒன்று கிடையாது.

மறுநாள் பெரியக்காவுக்கு யாரோ அதை வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். வாசலில் நின்று கூப்பிட்டாள். வசவு வாங்கத் தயாராகத்தான் போனேன்.

"இது முன்ன எழுதினதவிட நல்லா கீதுபா. அத்த காட்டினா, 'போம்மா, காலைல வருதே'ன்னு முனிசிபாலிட்டிக்காரன் தொரத்துவான். இப்ப ரெண்டே மணி நேரந்தான்னு நீயே அச்சடிச்சுக் குடுத்துட்ட. வாய தொறக்க மாட்டான் பாரு." அந்த நறுக்கை மனுவோடு சேர்த்து ஊசி குத்தி வைத்திருந்தாள். அவர்களுடைய இன்னொரு குழாய் வருவதற்கு அதன்பிறகும் வெகுநாள் ஆயிற்று. அதற்கு நான் காரணம் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

மாதக் கடைசிக்கு முன்பே கம்பெனிக் கடிதம் வந்தது. தெரு மூன்றாம் தரம். ஷெட்டுக்குக் காப்பீடு உண்டு, நிபந்தனைகளோடு: கீற்றை எடுத்துத் தகரம் போடவேண்டும், மணல் வாளிகள் வேண்டும், இரண்டு டிரம் தண்ணீர் எந்த நேரமும் நிரம்பியிருக்கவேண்டும். மச்சான் மில்லில் சொல்லிப் பழைய தகரம் வாங்கிவந்தார். சிக்பேட்டை வண்டி வந்து மூட்டைகளை இறக்கியபோது அக்கா ஒவ்வொரு மூட்டையையும் தட்டிப் பார்த்தாள். கன்னமெல்லாம் கரித்தூள்.

டிரம்கள்தான் பிரச்சினையாயின. தண்ணீருக்கு வரிசை நிற்கிற தெருவில் இரண்டு டிரம் தண்ணீரைச் சும்மா வைத்திருப்பது யாருக்கும் பொறுக்கவில்லை.

"ரெண்டு கொடம் எடுத்துக்கறேன்டி" என்றாள் பெரியக்கா முதல் வாரமே.

"அது நெருப்புக்கு யக்கா."

"நெருப்பு எப்ப வரும்?"

"வாயில நல்ல வார்த்தை வரட்டும். வராது."

"அப்ப எதுக்குடி கொசு வளக்கற?"

அக்கா ஒரு நாள் யோசித்துவிட்டு ஒரு முறை ஏற்படுத்தினாள். குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருக்கும் நேரத்தில் அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் டிரம்மிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எடுத்தவர்கள் எட்டு மணிக்குள் திரும்ப நிரப்பிவிடவேண்டும். நிரப்பாதவள் மருமகளாக இருந்தாலும் சரி, மாமியாராக இருந்தாலும் சரி, அடுத்த நாள் கிடையாது. காவலுக்குப் பெரியக்காவையே போட்டாள். அதன்பிறகு ஒரு குடம் குறைந்ததில்லை. தண்ணீரும் தினம் புதிதாக இருந்தது.

அடுத்த வருஷம் சர்வேயர் சொல்லாமல் கொள்ளாமல் எட்டேகாலுக்கு வந்தார். டிரம் இரண்டிலும் விளிம்புவரை தண்ணீர். குச்சியை விட்டுப் பார்த்தார், அடியில் பாசி இல்லை.

"தெனமும் மாத்தறீங்களா?"

"தெருவே மாத்துது சார்" என்றாள் அக்கா.

அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். அதற்கென்று கட்டம் இல்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதிவிட்டு, அக்கா கொடுத்த காப்பியைக் குடித்தார். அந்த வருஷமும் மூன்றாம் தரம்தான்.