வெள்ளைத் தொட்டியில் ஜிலேபி மீன்கள்

கம்பெனியில் கழிவுநீர் சுத்திகரிப்பு ஆபரேட்டரை இரண்டே சமயத்தில்தான் தேடுவார்கள்: நாற்றம் வந்தால், ஆடிட் வந்தால். இதே வேலையில் அவதிப்படும் சகோதரர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். மற்றவர்களுக்கு ஒரு தகவல். சுத்தம் செய்த தண்ணீர் கடைசியாக வந்து விழும் தொட்டியில் மீன் விட்டிருப்போம். மீன் நன்றாக இருந்தால் தண்ணீரும் நல்லது, நானும் நல்லவன்.

கேன்டீன் சோறு

ஓசூரில் எங்கள் தொட்டிக்கு ஜிலேபி மீன்களைக் காவேரிப்பட்டினத்திலிருந்து கொண்டுவந்தேன். மழைக்கலங்கலில் கிடந்தவை, மண் நிறத்தில் வெளிறி இருந்தன. எங்கள் தொட்டியோ தெளிந்த தண்ணீர், சுவரெல்லாம் பாசி. சில நாளிலேயே கரும்பச்சையாகி, உடம்பில் பட்டை பட்டையாகக் கோடு தெரிய, அப்படி ஒரு அழகு! மீதிச் சோறு போடும் கேன்டீன் மஞ்சுநாத் பெருமை முழுவதையும் தானே எடுத்துக்கொண்டார். "எல்லாம் நம்ம சோறுங்ணா. தின்னுட்டு எப்படி நெறம் வந்துருச்சு பாருங்க!"

வெள்ளை பெயிண்ட்

ஆடிட் வருகிறது என்றதும் மேனேஜர் மேடம் தொட்டியைத் தேய்த்து, உள்ளே வெள்ளை பெயிண்ட் அடிக்கச் சொன்னார். காயவைத்து, கழுவி, மீனை விட்டோம். மறுநாள் பார்த்தால் அத்தனையும் வெளுத்துக் கிடந்தன. தண்ணீரைச் சோதித்தேன், ஒரு குறையும் இல்லை. மேடம் நம்பவில்லை. "மீனுக்கு ரத்தமே இல்லப்பா. ஆடிட்டர் வர்றதுக்குள்ள சரியாகலைன்னா உன் கான்ட்ராக்ட நான் புதுப்பிக்க மாட்டேன்."

கறுப்பு டிரம்

பெயிண்டைச் சுரண்டிவிடலாம் என்று, மீன்களைத் தொட்டித் தண்ணீரோடு ஒரு கறுப்பு டிரம்முக்கு மாற்றினேன். டீ குடித்துவிட்டு வந்தால், கோடெல்லாம் திரும்பியிருந்தது! ஒன்றைத் தூக்கி வெள்ளைத் தொட்டியில் விட்டேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்தது. தண்ணீரும் அதே, மீனும் அதே. கொக்கின் கண்ணுக்குத் தப்ப, சுற்றியிருக்கும் நிறத்தை எடுத்துப் பூசிக்கொள்கிறது. என்ன சாமர்த்தியம்! மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். மீட்டிங்கை மறந்து அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். "நாம ஷிப்டுக்கு யூனிஃபார்ம் மாத்தறதுக்குள்ள இது தோலையே மாத்திக்குதேப்பா!"

ஆடிட்டர்

பெயிண்டைச் சுரண்டவே தேவையில்லை என்று, கிரானைட் பட்டறையில் கழித்துப் போட்ட கறுப்புப் பலகைகளைத் தொட்டிக்குள் பரப்பினோம். மீன்கள் கம்பீரமாகக் கறுத்தன. ஆடிட்டர் பெங்களூர்க்காரர். குனிந்து பார்த்தவர், "மீன் ஏன் இப்படிக் கறுத்திருக்கு? தண்ணியில ஏதாவது கலக்குதா?" என்று கேட்டுவிட்டார். மேடம் எனக்கு முன்னால் வந்து நின்றார். "இவர் பாத்துக்கற தண்ணி சார். ஒரு டம்ளர் கொண்டாரச் சொல்லுங்க, நானே குடிச்சுக் காட்டறேன்!" அந்த உறுதிக்கே ஆடிட்டர் சரியென்று டிக் அடித்துவிட்டார்.

மீன் வாழும் தண்ணீர் வேறு, மேனேஜர் குடிக்கும் தண்ணீர் வேறு என்று டம்ளர் வருவதற்குள் மேடம் காதில் சொல்லிவிட்டதால், என் கான்ட்ராக்டும் பிழைத்தது, மேடமும் பிழைத்தார்.