எல்லாவற்றுக்கும் தலையாட்டியவள்

என் பேச்சை யாராவது மறுத்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். கோர்ட்டில் வாதாடுவது போதாதென்று வீட்டிலும் வாதாடுகிறாள் என்று என் கணவர் கிண்டல் செய்வார். அப்பேர்ப்பட்ட என்னை, எதையுமே மறுக்காத ஒரு பிள்ளை கலங்கடித்துவிட்டது.

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் தனியாக உட்கார்ந்திருந்தவளை ரயில்வே போலீஸ் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைத்திருந்தார்கள். அவளுக்காகப் பேசப்போன வக்கீல் நான். ஒரகடம் கம்பெனிகளுக்கு ஆள் பிடித்து வரும் ஒருவர், தான் சித்தப்பா என்று வந்து நின்றார். அவளுக்குப் பத்தொன்பது வயது, ரூமுக்குக் கூட்டிப்போகிறேன் என்றார். எனக்கென்னவோ பதின்மூன்றைக்கூடத் தாண்டியவளாகத் தெரியவில்லை. குழு அவர் சொன்னதை நம்பினால் அவரோடு அனுப்பிவிடும்.

குழுத் தலைவி இந்தியில் கேட்டார். வயது பத்தொன்பதா? தலையாட்டினாள். இவர் சித்தப்பாவா? ஆட்டினாள். இவரோடு போகிறாயா? அதற்கும் ஆட்டினாள்.

"அதான் தலையாட்டுதே வக்கீலம்மா, இன்னும் இன்னா?" என்றார் தலைவி.

வடக்கேயிருந்து வருகிறவர்கள் எல்லோரும் எங்கள் பக்கத்தில் இந்திக்காரர்கள்தான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அவள் கேள்வியைக் கவனிக்கவே இல்லை, கேட்பவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்று கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லி, எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், நீ எனக்கு அம்மாவா என்று கேட்டேன்.

அதற்கும் தலையாட்டினாள்.

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. விசாரணையை மறுநாளைக்குத் தள்ளி வைத்தார் தலைவி.

அவள் தனக்குள் முணுமுணுத்ததை போனில் பதிந்துகொண்டு, அன்று சாயங்காலம் இருங்காட்டுக்கோட்டையில் வாடகை ரூம்களாக ஏறி இறங்கிப் போட்டுக் காட்டினேன். அது சந்தாலி என்ற பழங்குடி மொழி என்று சொன்ன, அதையே பேசும் ஒரு பெண்ணைக் கண்டுபிடித்தேன். ஒடிசாக்காரி. மறுநாள் ஷிப்டுக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். அவள் வாயைத் திறந்ததுமே பிள்ளையின் முகம் மாறிவிட்டது. இவரோடு போகிறாயா என்ற கேள்வி வந்தபோது தலையை வேகவேகமாக இடமும் வலமும் ஆட்டினாள். பிறகு அந்தப் பெண்ணின் மடியில் விழுந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, மறைத்துக்கொள்ளவில்லை. அவளைக் குழந்தைகள் இல்லத்தில் சேர்க்கவும் ஊரில் அவள் அம்மாவைத் தேடவும் குழு உத்தரவிட்டது.

கொஞ்ச நாள் கழித்து, வல்லக்கோட்டை முருகன் கோயில் சர்க்கரைப் பொங்கலோடு அவளைப் பார்க்கப் போனேன். முகர்ந்து பார்த்துவிட்டு என் பக்கமே தள்ளினாள்.

"வேணாம்" என்றாள். இல்லத்தில் கற்றுக்கொண்ட தமிழ்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவ்வளவையும் நானே சாப்பிட்டேன்.