சனிக்கிழமை வடை, ஞாயிற்றுக்கிழமை புகார்

மும்பை ஹார்பர் லைன் ரயிலில், லேடீஸ் கம்பார்ட்மென்டில் எனக்கு முதுகைக் காட்டி நின்ற பெண், பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்க பில்டிங்ல அஞ்சாவது மாடிக்குக் குரங்கு வந்துடுச்சுடீ. லிஃப்ட்ல வந்துச்சா, படியில வந்துச்சான்னு வாட்ச்மேனுக்கே தெரியல." நான் வாயைத் திறக்கவில்லை. எப்படியும் பத்து மணிக்கு அவளே எனக்குப் போன் செய்வாள்.

செம்பூரில் ஒரு வனவிலங்கு உதவி எண்ணில் எனக்கு வேலை. விலங்குகளுக்கான உதவி எண் என்றுதான் போர்டு சொல்கிறது. இரண்டு வருடத்தில் ஒரு விலங்குகூடக் கூப்பிட்டதில்லை. விலங்கியல் படித்தவள் நான். நாலு பேருக்கு மேல் கூடினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். முகம் காட்ட வேண்டாத வேலை என்று நம்பிச் சேர்ந்தேன். போனை எடுத்து "சொல்லுங்க" என்று சொல்லியே பிழைக்கும் என் இனத்தாருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அப்படிப்பட்ட என்னை வெளியே இழுத்தது ஓர் அத்திமரம். மலையடிவாரத்தில் ஒரு பழைய ஹவுசிங் சொசைட்டி, நம் ஊரில் அடுக்குமாடிக் குடியிருப்பு. மலைமேல் மரங்களை வெட்டி அடுக்குமாடி டவர்கள் கட்டத் தொடங்கியதிலிருந்து, ஒரு குரங்குக் கூட்டம் அந்த ஒற்றை அத்தியை நம்பிக் கீழே இறங்கியிருந்தது. அதில் ஒரு தாய்க்கு வயிற்றோடு ஒட்டிய குட்டி. மரத்தை வெட்ட அனுமதி கேட்டு சொசைட்டி மனு எழுதிவிட்டது. செக்ரட்டரியின் கையெழுத்து மட்டும் பாக்கி. சனிக்கிழமை கமிட்டி மீட்டிங்கில் போய் நான் பேச வேண்டும் என்றார் மேலதிகாரி. கமிட்டியில் எத்தனை பேர் என்று கேட்டேன். "அஞ்சே பேருதான்!"

பரண்

அந்த வாரம் முழுக்க, மீட்டிங்கில் பேச வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனை எடுத்தேன். திங்கட்கிழமை தாராவியிலிருந்து ஓர் அக்கா, ரகசியம் போலப் பேசினார்: "யம்மா, தகரத்துக்கும் பரணுக்கும் நடுவுல ஒண்ணு கெடக்கு. பூனைன்னு பாத்தா வாலு முடிய மாட்டேங்கு." படம் அனுப்பச் சொன்னேன். மரநாய். கழிமுகத்துப் பக்கத்து மரங்களிலிருந்து மழைக்கு ஒதுங்க வந்திருக்க வேண்டும். யாரையும் ஒன்றும் செய்யாது, பிடிக்க ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டேன். குக்கரை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அக்கா சொன்னார்:

"பத்துக்குப் பத்துல நாங்க ஏழு பேரு கெடக்கோம். அதுவும் கெடந்துட்டுப் போட்டும். மழை வெறிச்சதும் பாத்துக்கிடலாம்."

ஃபேஸ் டூ

ஐரோலியில் ஒரு ஐ.டி. கம்பெனி. கேன்டீனுக்குள் குரங்கு. பேசிய அட்மின் அதிகாரி தமிழர், நிதானமானவர். எங்கிருந்து வந்தது என்று ரிப்போர்ட்டில் எழுத வேண்டுமாம். "உங்க ஜன்னல்ல மலை தெரியுதா சார்?" என்றேன். தெரிகிறது என்றார். "அதுல மரம் தெரியுதா?" பதில் வரவில்லை. நானும் பேசாமல் இருந்தேன். சில நேரம் கூச்சம்கூட வேலைக்கு உதவுகிறது.

"ஐயோ மேடம், அதை எப்படி எழுதுறது? அங்கதான் எங்க ஃபேஸ் டூ பில்டிங் வருது!"

நாத்தனார் எஸ்டேட்

கிச்சன் ஜன்னலில் குரங்கு என்று கூப்பிட்ட மாதுங்கா மாமிக்குத் தீர்வு கைவசம் இருந்தது. "பிடிச்சுண்டு போய் நல்ல மழைக்காடாப் பார்த்து விட்டுடேன். வால்பாறையில என் நாத்தனாருக்கு எஸ்டேட் இருக்கு, சொல்லி வைக்கிறேன்." போனில்தானே என்று தைரியமாக விளக்கினேன். அந்த மழைக்காட்டை வெட்டித்தான் எஸ்டேட்டே வந்தது. மிச்சமிருக்கும் காடு தேயிலைக்கு நடுவே துண்டு துண்டாக நிற்கிறது. மர உச்சியிலேயே பிறந்து வளரும் சிங்கவால் குரங்கு, கிளைக்குக் கிளை தாவ வழியில்லாமல் தரையில் இறங்கி, பஸ் போகும் ரோட்டைக் கடக்கிறது. அங்கே இருப்பவற்றுக்கே இடம் போதவில்லை. நம் குரங்கைக் கொண்டுபோய் விட்டால் எங்கே போகும்?

மாமி நீளமாக மூச்சு விட்டார். "பாவம்டி அதுகள். எங்கே வேணா இருக்கட்டும், என் கிச்சன் ஜன்னலை மட்டும் விட்டுடச் சொல்லு."

கம்பி

எங்கள் மீட்பு வண்டியில் போகிறவர் சலீம் பாய், தாராவிக்காரர். வெள்ளிக்கிழமை கூண்டை எடுத்துக்கொண்டு போனவர் ஒரு கூடையோடு திரும்பினார். சொசைட்டி இருக்கும் அதே மலைக்கு அந்தப் பக்கத்துக் காலனியில் குரங்குத் தொல்லை என்று போன மாதம் ஓர் ஆலமரத்தை வெட்டியிருந்தார்கள். மொட்டை மாடிக்குத் தாவக் கிளை இல்லாமல் ஒரு குரங்குக்குட்டி மின்கம்பியைப் பிடித்திருக்கிறது. கூடைமேல் துண்டு போர்த்தியிருந்தது. நான் அதை விலக்கவில்லை.

கை கழுவிக்கொண்டே சொன்னார்: "மரத்த வெட்டுனா கொரங்கு வராதுன்னு எவன் சொன்னான் தங்கச்சி? கம்பி வழியா வரும். நாளைக்கு அந்த அஞ்சு பேருகிட்ட இத மட்டும் சொல்லு, போதும்."

ஐந்து பேர்

சனிக்கிழமை மீட்டிங்குக்குக் கிளம்புமுன் அந்த சொசைட்டியிலிருந்து வந்த புகார்களை அச்செடுத்தேன். எல்லாமே செக்ரட்டரி ராமசேஷன் மாமா கூப்பிட்டவை. எல்லாமே ஞாயிற்றுக்கிழமை காலை. குரங்குக்குக் கிழமை எப்படித் தெரியும் என்று எனக்குப் புரியவில்லை.

மாமா வீட்டு ஹாலில்தான் மீட்டிங். உள்ளே போனதும் புரிந்தது. டீப்பாயில் மனு, மூடி திறந்த பேனா. பக்கத்தில் ஒரு தட்டு நிறைய மிளகு வடை. அந்த வீட்டு மாமி தட்டிப் போட்டு, காலையில் ஆஞ்சநேயருக்கு மாலையாகச் சாத்திக்கொண்டு வந்தது. பால்கனிக் கம்பிமேல் குட்டியோடு அந்தத் தாய்க்குரங்கு, டோக்கன் வாங்கியவள்போல அமைதியாகக் காத்திருந்தது.

"சனிக்கிழமைன்னா சாட்சாத் அவரே வந்து வாங்கிக்கறார்" என்றார் மாமா பெருமையாக.

"ஞாயித்துக்கிழமை, மாமா?"

"அன்னிக்குத்தான் இதுகள் வந்து டிஷ் ஒயரை அறுக்கறது!"

கமிட்டி உறுப்பினர் ஜெபராஜ் அங்கிள் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "சனிக்கிழமை 'அவரு', ஞாயித்துக்கிழமை 'இதுகளா' சார்?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குமுன் நான் பேச ஆரம்பித்துவிட்டேன். புகார் தேதிகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். மலைமேல் வெட்டிய மரங்களைச் சொன்னேன். கூடையைச் சொன்னேன். "நேத்து கிடைச்ச இடத்துல இன்னிக்கும் கிடைக்கும்னுதான் மாமா வருது. வடை இல்லேன்னா ஒண்ணு ரெண்டு வாரம் பார்த்துட்டு, அத்திப்பழத்தைத் தின்னுண்டு மரத்துலயே இருக்கும். மரமும் இல்லேன்னா கம்பிதான். இந்தக் குட்டியோட."

கிச்சன் வாசலில் நின்ற மாமி கரண்டியை ஆட்டினார். "ஆறு மாசமா இதைத்தான் நானும் சொல்றேன். நான் சொன்னா காதுல ஏறாது, பேப்பர்ல அடிச்சுக் கொண்டுவந்தா ஏறும்."

மாமா பேனாவை மூடினார். எழுந்து போய் பால்கனிக் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்து, மனுவை எடுத்து நாலாக மடித்து, அதற்குள் ஒரு வடையை வைத்து அழுத்தி எண்ணெயை ஒற்றினார். கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தாய்க்குரங்கு பார்த்துக்கொண்டிருக்க, அந்த வடையைத் தானே தின்றார்.