மணலில் கேட்ட ஆறு

பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் டீச்சர் நான். பள்ளி விட்டால் தலை வெடித்துவிடும்போல இருக்கும். கும்பகோணத்தில் எங்கள் தெருக்கோடியில் அரசலாறு. கோடையில் வறண்டு கிடக்கும் அந்த மணலில் உட்கார்ந்து, இயர்போனில் ஆறு ஓடும் சத்தத்தைப் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வேன். மனசு லேசாகிவிடும்.

அன்று சத்தம் வழக்கத்தைவிட அருகில் கேட்டது. உள்ளங்கால் சில்லிட்டது. போனைப் பார்த்தேன், சார்ஜ் தீர்ந்து எப்போதோ அணைந்திருந்தது. இயர்போனைக் கழற்றினேன். சத்தம் நிற்கவில்லை, கூடியது. காலடி மணல் நனைந்திருந்தது. வளைவில் நுரையும் சருகுமாக ஏதோ ஊர்ந்து வந்தது.

"டீச்சர், தண்ணி திறந்துட்டாங்க! மேல ஏறுங்க!" கரையிலிருந்து பக்கத்து வீட்டு ஜெரினா அக்கா கத்தினார். காலையிலேயே ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்களாம். அப்போதும் என் காதில் இயர்போன்தான்.

படித்துறையில் ஏறித் திரும்பினேன். நான் உட்கார்ந்திருந்த இடத்தில் என் செருப்பு மிதந்து சுழன்றுகொண்டிருந்தது.

இப்போதும் மாலையில் போகிறேன். மேல்படியோடு சரி; காதில் எதுவும் மாட்டுவதில்லை. அந்தச் சத்தத்தைப் போனிலிருந்து அழித்துவிட்டேன். ஆனாலும் பரீட்சை அறை அமைதியாகும்போது சில சமயம் அது கேட்கிறது. உடனே குனிந்து காலடியைப் பார்த்துக்கொள்கிறேன்.