பாவமும் கிருமியும்

அக்காவின் மேசையில் இடப்பக்கம் பியூரிட்டன்களின் பிரசங்கங்களும் நாட்குறிப்புகளும் இருக்கும். வலப்பக்கம் அறிவொளிக் காலத்து அமெரிக்கர்களின் கடிதங்களும் தன்வரலாறுகளும். இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே அவள் மகளின் புகைப்படம். முன்பல் விழுந்த ஆறு வயதுச் சிரிப்பு. இரண்டாயிரங்களின் நடுவில், ஜெர்மனியின் பீலெஃபெல்ட் பல்கலைக்கழகத்தில், ஒரே அறையில் எதிரெதிரே அமர்ந்து நாங்கள் இருவரும் ஆய்வு செய்துகொண்டிருந்தோம். என்னைவிட மூத்தவள், அதனால் அக்கா என்பேன். அவள் பாளையங்கோட்டைக்காரி, போதகரின் மகள். குழந்தையைக் கணவரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். நான் ஈரோடு. எங்கள் வீட்டில் சாமி படமே கிடையாது.

எங்களுக்குள் ஓயாத வாதம் ஒன்று உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் கடல் கடந்து போன அந்தப் பியூரிட்டன்கள் என்ற தீவிரக் கிறிஸ்தவர்கள் காய்ச்சல், பஞ்சம், குழந்தையின் சாவு என எது வந்தாலும் தங்கள் பாவத்தின் பலன் என்று எழுதிவைத்தார்கள். நூறு வருடம் கழித்து வந்த அறிவொளிக்காரர்கள் அதே துன்பங்களுக்குக் காரணத்தை இயற்கையில் தேடினார்கள். பின்னவர்கள் மனிதர்களை அந்தப் பாவ பயத்திலிருந்து மீட்டார்கள் என்பது என் கட்சி. அக்கா ஒத்துக்கொள்ள மாட்டாள். நாள்தோறும் தன்னைத்தானே விசாரித்துக்கொள்ளும் பழக்கம்தான் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியது, அந்த இலக்கியம் முழுக்க ஒரே மனதின் பேச்சு என்பாள். அவளுடைய ஆய்வேடு அதைத்தான் நிரூபிக்க வேண்டியிருந்தது. கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. உதவித்தொகையும் விசாவும் அந்த மார்ச்சோடு முடிவதாக இருந்தன. இன்னும் இரண்டே மாதம் என்று மகளிடம் சொல்லிவைத்திருந்தாள்.

பிப்ரவரியில் ஒரு காலை கணவரிடமிருந்து போன் வந்தது. குழந்தைக்கு மூளைக்காய்ச்சல், நினைவில்லை. அக்கா போனை வைத்தாள். பிறகு, தான் எங்கெங்கே தவறு செய்தாள் என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தாள். குழந்தை அழ அழ விமானம் ஏறியது. போன மாதம் பேராசிரியர் கூப்பிட்டாரென்று மகளின் போனைப் பாதியில் வைத்தது. என்னால் அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"காய்ச்சல் கிருமியால வருதுக்கா. உங்க பாவத்தால இல்ல" என்றேன். ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கிருமின்னா இங்க இருந்துக்கிட்டு நான் செய்ய ஒண்ணுமே இல்ல. பாவம்னா மன்னிப்பாவது கேக்கலாம்லா."

மறுநாள் காலை அக்கா ஊருக்குக் கிளம்பினாள்; டுசல்டோர்ஃப் விமான நிலையத்துக்கு ரயிலில் அவளுடன் போனேன். வழியில் ஹம் நிலையத்தில் ரயில் நின்றுவிட்டது. முன்னால் தண்டவாளத்தில் ஏதோ கோளாறு, எப்போது கிளம்பும் என்று தெரியாது என அறிவித்தார்கள். விமானத்தை விட்டால் அடுத்தது மறுநாள்தான். அக்கா இரண்டு முறை எழுந்து கதவுவரை போய்த் திரும்பி வந்தாள். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். 

"நீ நம்பாட்டாலும் பரவால்ல. எனக்காக ஒரு தடவ ஜெபம் பண்ணுதியா?"

நான் கையை விலக்கிக்கொள்ளவில்லை. ஆனால் வாயும் திறக்கவில்லை. நம்பாத ஒன்றைச் சொல்வது அவளை ஏமாற்றுவதாகும் என்று அப்போது எனக்குப் பட்டது. எதிர் இருக்கையில் ஒரு பெண் ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டிருந்தாள்; அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிடம் கழித்து ரயில் நகர்ந்தது. ஓடிப்போய் விமானத்தைப் பிடித்துவிட்டாள்.

இரண்டாம் நாள் அவள் கணவர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அவள் வந்து இறங்குவதற்கு முன்பே பாப்பா போய்விட்டாள் என்றும், அதை என்னிடம் தெரிவிக்கும்படி அக்கா சொன்னாள் என்றும் இரண்டே வரி.

பதில் எழுத உட்கார்ந்தேன். கடவுள் உங்களுக்குத் துணையிருப்பார் என்று எழுதினேன். பொய்யாக இருந்தது, அழித்தேன். மருத்துவர்கள் முடிந்ததையெல்லாம் செய்திருப்பார்கள் என்று எழுதினேன். உண்மையாக இருக்கலாம், ஆனால் ஒரு தாயிடம் சொல்லக்கூடியதாக இல்லை. அதையும் அழித்தேன். மூன்றாவதாக ஒரு வாக்கியம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அக்கா திரும்பி வரவில்லை, ஆய்வேட்டையும் முடிக்கவில்லை. நான் பட்டம் வாங்கினேன். இப்போது அந்தப் பழைய அமெரிக்க இலக்கியத்தைத்தான் மாணவர்களுக்கு நடத்துகிறேன். அந்த இரண்டு வரிக்கு இன்றுவரை பதில் எழுதவில்லை.