நாலு தசமம்

யுத்தம் முடிந்த வருடம், நிதிப் பரீட்சைக்காக வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் பஸ்ஸில் போனேன். வழிச் சாவடியில் என் பையைச் சோதித்த சிப்பாய் கல்குலேட்டரைக் கையில் எடுத்தார்.

“சோதினைக்குக் கொண்டு போறன்,” என்றேன்.

“நானும் முந்தி கணக்கு படிச்ச,” என்று தடுமாறிய தமிழில் சொன்னவர், பொத்தான்களை அழுத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி திருப்பித் தந்தார்.

மண்டபத்தில் முதல் கணக்கிலேயே 0.57 என்று விடை விழுந்தது. நான் நாலு தசமத்துக்கு அமைத்து வைத்திருந்தேன், 0.5674 என்று வந்திருக்க வேண்டும். சாவடியில் சிப்பாய் அழுத்திப் பார்த்ததில் அது இரண்டு தசமமாக மாறியிருந்தது. யாரிடமும் கேட்க முடியாது. எந்தப் பொத்தானுக்குப் பிறகு எது என்று யோசித்து யோசித்து ஒருவழியாக மாற்றினேன். அதற்குள் பத்து நிமிடம் போய்விட்டது. கடைசிக் கணக்கைப் பாதியில் விட்டுத்தான் எழுந்தேன். ஆனாலும் சித்தியடைந்தேன்.

அந்தச் சிப்பாய் ஏன் படிப்பை விட்டார் என்று அன்று நான் கேட்கவில்லை.